கதவைத் திறந்து வைத்து நடந்த வாய்மொழித் தேர்வு

எல்.எல்.எம். வாய்மொழித் தேர்வை இனிக் கணினித் திரையிலேயே நடத்திக்கொள்ளலாம் என்று எங்கள் பல்கலைக்கழகம் முடிவெடுத்துவிட்டதாம். சட்டத் துறையில் என்னோடு வேலை பார்த்த இளம் பேராசிரியர்கள் இதைச் சொல்லிவிட்டு, “சார், நேர்ல நடந்த காலத்தப் பத்தித் துறை மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்க” என்று கேட்டார்கள். தடுமாறிய மாணவர்கள், கோபக்காரத் தேர்வாளர்கள் என்று சிரிக்கும்படியாக ஏதாவது எதிர்பார்த்திருப்பார்கள். எனக்கு அப்படி எழுத வரவில்லை. நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு நடந்த ஒரே ஒரு தேர்வுதான் நினைவுக்கு வருகிறது. அதை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வியர்க்கிறது.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. சட்டம் படித்துவிட்டுக் கோவை நீதிமன்றத்தில் ஒரு சீனியரிடம் சேர்ந்தேன். முதன்முறையாக ஒரு வாய்தா கேட்க எழுந்து நின்றபோது நா ஒட்டிக்கொண்டது. நீதிபதி நிமிர்ந்து பார்த்தார். நான் வணக்கம் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். சீனியர் அன்று மாலையே, “தம்பி, நீ மேல படி” என்றார். அது அறிவுரையா, கழற்றிவிடலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்.எல்.எம். முடித்தேன், வாத்தியார் ஆனேன். மாணவர்கள் முன் பேச எனக்குப் பயமில்லை, அவர்கள்தான் என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டியவர்கள் என்று நினைத்தேன். அது அப்படி ஒன்றும் இல்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் துறைத் தலைவர் பத்மாவதி அம்மா. கஞ்சி போட்ட பருத்திச் சேலை, கழுத்தில் தொங்கும் கண்ணாடி, யாரையும் ஒருமையில் அழைக்காத பேச்சு. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் விதிப் புத்தகத்தை எடுத்து, எண்ணைச் சொல்லி, உரக்க வாசிப்பார். வாசித்து முடிப்பதற்குள் எதிரில் நிற்பவர் சரணடைந்திருப்பார்.

வாய்மொழித் தேர்வை அவர் நடத்தும் முறை எங்கள் பல்கலைக்கழகத்திலேயே தனி. மற்ற இடங்களில் எல்.எல்.எம். ஆய்வேட்டுக்கான தேர்வு மூடிய அறைக்குள் நடக்கும். இவர் அதை முனைவர் பட்டத் தேர்வு போலத் திறந்த அரங்காக மாற்றி, விதியாகவே எழுத வைத்திருந்தார். மாணவரின் பெயர், தலைப்பு, நாள், அறை எல்லாம் முன்கூட்டியே அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். வெளித்தேர்வாளர் கேள்வி கேட்பார், பிறகு நெறியாளர், கடைசியில் தலைவர் அவையைப் பார்த்து, “இங்கே வந்திருப்பவர்களுக்குக் கேள்வி உண்டா?” என்று கேட்க வேண்டும். அது முடிந்ததும் மாணவரும் பார்வையாளர்களும் வெளியே வராந்தாவில் காத்திருப்பார்கள். நாங்கள் மூவரும் மதிப்பெண் பேசி முடித்து எல்லோரையும் திரும்ப அழைப்போம்.

எங்கள் ஊர்க் காற்றுக்கு எந்தக் கதவும் சும்மா நிற்காது. தேர்வு தொடங்கும் முன்பு அம்மா ஒரு நாற்காலியைத் தானே இழுத்து வந்து கதவுக்கு முட்டுக் கொடுப்பார். உதவப் போனால் விடமாட்டார். ஒருமுறை காரணம் கேட்டேன்.

“நான் படிச்சப்ப கதவச் சாத்திட்டுத்தான் கேட்டாங்க சார். என்ன கேட்டாங்கன்னு உங்ககிட்டக்கூட என்னால சொல்ல முடியாது. பொம்பளப் புள்ளைங்க பரீட்சைக்கு வர்ற எடத்துல கதவு தெறந்துதான் இருக்கணும்.”

அதன்பின் அந்த நாற்காலிக்கு உதவ நான் போனதில்லை.

மேகலா என்னிடம் ஆய்வு செய்ய வந்தவள். சூலூர்ப் பக்கம் நிலமும் விசைத்தறிக் கூடமும் வைத்திருக்கும் குடும்பம். அப்பா தினமும் காரில் கொண்டுவந்து விட்டுப் போவார். அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு, வயது வந்த பெண்களைப் பற்றிப் பெற்றோர் போடும் ஆட்கொணர்வு மனுக்கள். மகளைக் காணவில்லை, அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று பெற்றோர் மனுப் போடுவார்கள். போலீஸ் அந்தப் பெண்ணைக் கொண்டுவந்து நிறுத்தும். நீதிபதி அவளிடம், “யாரோடு போக விருப்பம்?” என்று கேட்பார். மேகலா அப்படி நின்ற பெண்கள் சிலரைத் தேடிப் போய்ப் பேசினாள். மூன்றாவது அதிகாரத்தில் அவள் எழுதியிருந்ததை நான் இரண்டு முறை படித்தேன். நீதிபதியின் கேள்வியில் ஒரு குறையும் இல்லை. அதற்கு முன்னால் சொந்தக்காரர்களோடு வராந்தாவில் நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் எல்லாம் முடிவாகிறது என்று எழுதியிருந்தாள். காலையில் கணவனோடு போவதாகச் சொன்ன பெண் வராந்தாவிலிருந்து திரும்பி வந்து வேறு பதில் சொல்கிறாள். வராந்தாவில் என்ன பேசினார்கள் என்பது எந்தத் தீர்ப்பிலும் இருக்காது.

நல்ல ஆய்வு என்று பாராட்டினேன். அவள் தன் கதையையும் சேர்த்துத்தான் எழுதிக்கொண்டிருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது.

ஆய்வேட்டைச் சமர்ப்பித்த மறுவாரம் அவள் வீட்டைவிட்டுப் போய்விட்டாள். பையன் சிங்காநல்லூரில் ஒரு பட்டறையில் பொறியாளர். அவனுடைய அப்பா அம்மா மேகலா வீட்டுத் தோட்டத்தில் கூலிவேலை செய்தவர்கள். வேறு விளக்கம் தேவையில்லை, எங்கள் ஊர்க்காரர்களுக்குப் புரியும். பதிவுத் திருமணம் செய்துகொண்டு, காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, இருவரும் எங்கோ வெளியூரில் இருந்தார்கள். எந்த ஊர் என்று மேகலா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, தெரியாமல் இருப்பதே நல்லது என்று தோன்றியது.

அதன்பின் ஒருநாள் அவளுடைய அண்ணன் தினேஷ் துறைக்கு வந்தான். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, கையில் ஒரு பை நிறைய இளநீர். எங்கள் பக்கத்தில் மிரட்டலுக்கும் ‘ங்க’ உண்டு என்பதை அன்றுதான் அனுபவத்தில் தெரிந்துகொண்டேன்.

“ஏனுங்க சார், நல்லா இருக்கறீங்களா? தங்கச்சி உங்களப் பத்தித்தான் எப்பவும் சொல்லிட்டிருக்கும். நல்ல மனுசருன்னு.”

“உக்காருங்க தம்பி.”

“இருக்கட்டுமுங்க. பரீட்சைக்கு அது வருமுங்களா?”

“அது எனக்குத் தெரியாதுங்களே.”

“வந்தா ஒரு போன் போடுங்க போதும். வேற ஒன்னும் வேண்டாமுங்க. அப்பா ஒடம்பு செரியில்லாம கெடக்கறாங்க, பொண்ணப் பாத்தா எந்திரிச்சுருவாங்க.” என் முகத்தை நேராகப் பார்த்துச் சிரித்தான். “உங்க ஊடு போத்தனூர்ல தானுங்களே? ரயில்வே குவார்ட்டர்சு தாண்டி, வேப்பமரம் நிக்கிற ஊடு. அந்தப் பக்கம் வந்தா எட்டிப் பாக்கறனுங்க. செரி, போயிட்டு வாரனுங்க.”

அவன் போன பிறகு இளநீரை யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் மேசையடியில் தள்ளி வைத்தேன். அன்று வீட்டுக்கு வேறு வழியாகச் சுற்றிப் போனேன். மனைவியிடம் கதவைத் தாழிட்டே வைத்திருக்கும்படி சொன்னேன். ஏன் என்று கேட்டாள். திருட்டு பயம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

பத்மாவதி அம்மாவிடம் சொன்னபோது அவர் விதிப் புத்தகத்தை எடுத்தார். இந்த முறை உரக்க வாசிக்கவில்லை, தனக்குள் வாசித்தார். அறிவிப்பு ஒட்டாமல் தேர்வு நடத்தினால் செல்லாது. நேரில் வராவிட்டால் அந்த ஆண்டு பட்டம் கிடையாது. திரையில் நடத்த அனுமதி கேட்டுத் தேர்வுத் துறைக்குப் போனார். விதியில் இடமில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். விதிகளை ஆண்டுக் கணக்கில் அவர்களுக்கு வாசித்துக் காட்டியவரே அவர்தான் என்பதால் எதிர்த்துப் பேசவும் அவருக்கு வாய் வரவில்லை.

“வரச் சொல்லட்டுமாங்க?” என்று கேட்டேன்.

“நாம என்ன சார் சொல்றது? எல்லாத்தையும் அந்தப் புள்ளைகிட்டச் சொல்லுங்க. அண்ணன் வந்துட்டுப் போனதையும் மறைக்காதீங்க. வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்.”

மேகலா வருவதாகப் போனில் சொன்னாள். கணவனை அழைத்து வரமாட்டாளாம். அவனைக் கண்டால் வெட்டிவிடுவார்கள், தன்னையானால் இழுத்துக்கொண்டு போவதோடு சரி என்றாள். ஏதோ பேருந்து நேரம் சொல்கிற மாதிரிச் சாதாரணமாகச் சொன்னாள்.

தேர்வு நாளன்று காவல் நிலையத்திலிருந்து ஒரு பெண் காவலரை அனுப்பினார்கள். வந்தார், தேநீர் குடித்தார், ஏதோ பந்தோபஸ்து என்று போன் வந்ததும் வருத்தத்தோடு கிளம்பிப் போய்விட்டார். மேகலா முன்பே வந்து அம்மாவின் அறையில் இருந்தாள். தாலியைச் சுடிதாருக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். வெளித்தேர்வாளர் மதுரைப் பக்கத்து மனிதர், நடந்தது எதுவும் தெரியாதவர். அம்மா வழக்கம்போல நாற்காலியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். அவர் கை ஒரு கணம் அந்த நாற்காலி மேலேயே இருந்தது.

தேர்வு தொடங்கிச் சற்று நேரத்தில் அவர்கள் வந்தார்கள். தினேஷ், அவனோடு இரண்டு ஆட்கள், பின்னால் மேகலாவின் அப்பா. சிக்கென்று கட்டிய வேட்டி, தோளில் துண்டு. உடம்பு முடியாமல் கிடப்பவராகத் தெரியவில்லை. கதவோரம் நின்று, “வரலாமுங்களா?” என்று கேட்டார். வராதே என்று சொல்ல எந்த விதியும் இல்லை. “உக்காருங்க” என்றார் அம்மா. நால்வரும் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். மற்ற மாணவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு மெல்ல முன்வரிசைக்கு நகர்ந்தார்கள்.

மேகலா அவர்களைப் பார்த்தாள். தண்ணீர் குடித்தாள், மறுபடி பேசினாள். வெளித்தேர்வாளர் அப்பாவியாக ஒவ்வொரு கேள்வியாக எடுத்துப்போட்டார். பெற்றவர்களுக்கு மகள்மேல் உள்ள உரிமை எந்த வயதில் முடிகிறது? வீட்டில் அடைத்து வைப்பது சட்டவிரோதக் காவல் ஆகுமா? அவள் ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பைச் சொல்லிப் பதில் சொன்னாள். என் முறை வந்தபோது, எளிதாக ஒரு கேள்வி கேட்டு முடித்துவிடலாம் என்று வாய் திறந்தேன். நீதிமன்றத்தில் நடந்ததேதான் நடந்தது. நா ஒட்டிக்கொண்டது. “கேள்வி இல்லை” என்று தலையாட்டினேன்.

அடுத்தது அவையின் முறை. அம்மா இன்று அதைக் கேட்காமல் விட்டுவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார், கேட்டார்.

“இங்கே வந்திருப்பவர்களுக்குக் கேள்வி உண்டா?”

தினேஷ் எழப் போனான். அப்பா அவன் தொடையில் கையை வைத்து அழுத்திவிட்டுத் தான் எழுந்தார்.

“ஒரு சந்தேகமுங்க. கோர்ட்டுல பொண்ணுகிட்ட விருப்பம் கேக்கறாங்கன்னு சொல்லுச்சுங்க, செரி. பெத்தவன்கிட்ட ஒன்னுமே கேக்க மாட்டாங்களா?”

வெளித்தேர்வாளர் எங்களைப் பார்த்தார். “தேர்வர் பதில் சொல்லலாம்” என்றார் அம்மா.

“கேக்க மாட்டாங்கப்பா” என்றாள் மேகலா. அப்பா என்ற சொல் வந்த பிறகுதான் வெளித்தேர்வாளருக்கு விஷயம் விளங்கியது. கையிலிருந்த பேனாவை மெதுவாகக் கீழே வைத்தார். மேகலா நிறுத்தவில்லை. “பொண்ணுக்கு வயசு வந்துருச்சுன்னா கேக்கோணும்னு சட்டம் இல்லீங்க. ஆனா தனியாக் கூப்பிட்டு உக்கார வெச்சு, அவுங்க மனசுல இருக்கறதையும் கேக்கோணும்னு கடைசி அதிகாரத்துல எழுதியிருக்கறனுங்க. யாரும் கேக்காததுனாலதான் அந்தக் கோவமெல்லாம் வராந்தாவுல வந்து நிக்குதுங்க.”

“ஓ” என்றார் அப்பா. “செரிங்க.” துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

இனி வழக்கப்படி மாணவியும் பார்வையாளர்களும் வராந்தாவுக்குப் போக வேண்டும். நாங்கள் மூவரும் உள்ளே இருக்க வேண்டும். எனக்கு அது அப்போதுதான் உறைத்தது. தினேஷுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும், பலகையில் தேர்வு முறையும் சேர்த்துத்தான் ஒட்டியிருந்தோம். அவனும் அந்த இரண்டு ஆட்களும் எழுந்து கதவோரமாய்ப் போய் நின்றுகொண்டார்கள். அவளுக்கு வழிவிடுவது போல நின்றார்கள்.

“பார்வையாளர்கள் வெளியே காத்திருங்க” என்றார் அம்மா. “தேர்வர் உள்ளேயே இருக்கட்டும்.”

வெளித்தேர்வாளர் தயங்கினார். “மேடம், மார்க் பேசும்போது கேண்டிடேட்...”

“மூணாவது அதிகாரம் படிச்சீங்க இல்லீங்களா சார்?”

அவர் கதவோரம் நின்றவர்களைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். பார்வையாளர்கள் எல்லோரும் வெளியேறியதும் அம்மா எழுந்து போய், முட்டுக் கொடுத்திருந்த நாற்காலியைத் தானே இழுத்தார். அவர் தலைவராக இருந்த அத்தனை ஆண்டுகளில் தேர்வு அறையின் கதவு சாத்தி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். தாழ்ப்பாள் துருப்பிடித்து இறங்க மறுத்தது. வெளித்தேர்வாளர் வந்து உள்ளங்கையால் தட்டி இறக்கினார். மேகலா யாரும் சொல்லாமலே தன் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் பேசாமல் துண்டுத்தாளில் மதிப்பெண்ணை எழுதி ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். அவளுடைய முதுகு மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

முடிவை அறிவிக்க யாராவது வெளியே போக வேண்டும். இரண்டு பெண்களையும் விருந்தாளியையும் விட்டால் நான்தான் மிச்சம். அம்மா தாழ்ப்பாளை நீக்கினார். என் பின்னால் மறுபடி போட்டுக்கொண்டார்.

வராந்தாவில் மாணவர்கள் யாரும் இல்லை. தினேஷும் இல்லை. பெஞ்சில் அப்பா மட்டும் உட்கார்ந்திருந்தார்.

“பாஸுங்க” என்றேன். “நல்ல மார்க்கு.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். “முன் கேட்டுல பசங்க வண்டியோட நிக்கறானுங்க. ஆஸ்டல் பக்கம் சின்னக் கேட்டு ஒன்னு இருக்குதில்லீங்களா, அது வழியாக் கூட்டிட்டுப் போயிருங்க.”

நான் உள்ளே வந்து சொன்னதும் அம்மாவின் முகம் மாறியது. நம்புவதா? சின்னக் கேட்டுப் பக்கம் ஆள் நடமாட்டமே இருக்காது. அங்கே யாராவது காத்திருந்தால் கத்தினாலும் கேட்காது. முன் கேட்டிலாவது காவலாளி இருப்பார், சாலையில் வண்டிகள் போகும். அம்மா மேகலாவிடம் கேட்டார்.

“நீங்க சொல்லுங்கம்மா. எந்த வழி?”

மேகலா என்னைப் பார்த்தாள். “சார், அப்பா உங்க மூஞ்சியப் பாத்துட்டா சொன்னாங்க?”

“இல்லம்மா. கீழ பாத்துட்டு.”

“அப்ப நெசமுங்க. பொய் சொல்லறப்பத்தான் அப்பா மூஞ்சியப் பாப்பாங்க. ஆஸ்டல் பக்கம் போலாமுங்க.”

அறையின் மறுகோடியில் மேடைப் பக்கம் இருந்த சிறிய கதவு வழியாக வெளியேறினோம். அம்மா முன்னால், மேகலா நடுவில், நான் பின்னால். விடுதிச் சுவரைத் தாண்டி அந்தக் கேட் வரைக்கும் நடந்த நடையில் எனக்கு மூச்சு ஏறிய விதத்தைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. துணி காயப்போட்டிருந்த கொடி ஆடினால்கூட நின்றுவிட்டேன். கேட்டுக்கு வெளியே வெளித்தேர்வாளர் வந்த வாடகைக் கார் நின்றது. ஓட்டுநரைப் போனில் அந்தப் பக்கம் வரச் சொல்லியிருந்தார் அந்த மதுரைக்காரர். வேறு யாரும் இல்லை. அம்மாவும் அவளோடு ஏறிக்கொண்டார். மேகலா என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள். நான் கையை ஆட்டிப் போகச் சொல்லிவிட்டேன். எங்கே போனார்கள் என்று நான் பிறகும் கேட்டுக்கொள்ளவில்லை.

நான் வராந்தாவுக்குத் திரும்பியபோது மேகலாவின் அப்பா அதே பெஞ்சில் இருந்தார். அங்கிருந்து பார்த்தால் முன் கேட் நேராகத் தெரியும். காரில் சாய்ந்தபடி தினேஷ் எங்கள் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

“போயாச்சுங்க” என்று தணிந்த குரலில் சொன்னேன். “நீங்க கிளம்பலீங்களா?”

“நான் இங்க உக்காந்திருக்கற வரைக்கும் பொண்ணு உள்ளதான் இருக்குதுன்னு நெனச்சுக்குவானுங்க. இன்னுங் கொஞ்ச நேரம் இருந்துக்கறனுங்க சார்.”

நான் மேடைப் பக்கமாக அறைக்குள் போனேன். வெளித்தேர்வாளர் மட்டும் உட்கார்ந்திருந்தார். உள்ளே ஆட்கள் இருப்பதாகத் தெரியட்டும் என்று எல்லா விளக்கையும் போட்டு மின்விசிறியையும் ஓடவிட்டேன். முன்கதவின் தாழ்ப்பாள் சரியாக விழுந்திருக்கிறதா என்று இழுத்துப் பார்த்தேன். பிறகு வெளியே வந்து, தினேஷ் பார்க்கும்படியாக, அவர் பக்கத்தில் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன்.